ரஷ்யாக்காரர் பார்க்கக்கூடாத மெஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் கியர் செய்தார்கள். செய்ததில் பெரும்பங்கு சோவியத் யூனியனுக்குக் கப்பலேறியது. அந்தக் கியர்களின் பல்லைக் கடைசியாகத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங் மெஷினோ மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. அதை விற்றவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ரஷ்யாவோ அதன் அணியில் உள்ள நாடுகளோ அனுப்புகிற எந்த ஆளுக்கும் அந்த மெஷினைக் காட்டக்கூடாது. மீறினால் உதிரி பாகமும் வராது, பழுது பார்க்க ஆளும் வராது. அதாவது, ரஷ்யாக்காரர் காசு கொடுத்து வாங்கும் கியரைத் தேய்க்கிற மெஷினை ரஷ்யாக்காரர் கண்ணால் பார்க்கக்கூடாது. முதல் நாள் இதை எனக்கு விளக்கியபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சிரிக்கவில்லை.

"சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. இதுதான் உங்க வேலையே," என்றார்.

நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். கிருஷ்ணகிரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு ரஷ்ய மொழி எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. சென்னையில் கல்லூரியில் படித்தபோது மாலை வகுப்பில் சேர்ந்து கற்றேன். புரட்சியின் மேல் காதல் கொண்டு சேர்ந்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை அதுவல்ல. கட்டணம் குறைவு, வகுப்பறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றியது, அந்தச் சாக்கில் ஹாஸ்டலுக்கு லேட்டாகப் போகலாம். பிறகு மொழியே பிடித்துப்போனது. ரஷ்ய மொழி தெரிந்த ஆள் ஓசூருக்குத் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தபோது அம்மா நம்பவில்லை. "ஓசூர்ல ஏதுடி ரஷ்யாக்காரன்?" என்று கேட்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தார்கள். கியரை அளந்து பார்த்து, முத்திரை குத்தி, பெட்டியில் ஏற்றச் சம்மதம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஷெட்டில் எனக்கு 'ரஷ்யா மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெர்மன்காரர் சர்வீஸுக்கு வந்தாலும் ஆங்கிலத்தில் பேசி, அதைத் தமிழில் சொல்லி, சில சமயம் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கிலும் சொல்லி வேலையை நடத்தியவள் நான்தான். அப்படியிருக்க ஏன் என்னை ஒரு பக்கமாகத் தள்ளிப் பெயர் வைக்க வேண்டும்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஷெட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, வெயிலில் ஆபீஸ் கட்டடம் வரை நடக்க வேண்டும். இரண்டு வல்லரசுகளைச் சமாளித்த கம்பெனிக்கு இதைச் சமாளிக்கத் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு மூன்றாவது வருஷம்தான் கட்டினார்கள்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். மெல்லிய ஆள், குரல் உயர்த்த மாட்டார். ரஷ்யாக்காரரும் ஜெர்மன்காரரும் ஒரே நாளில் ஓசூர் மண்ணை மிதித்துவிடக்கூடாது என்பதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிவார். மத்திகிரிப் பக்கம் எங்கள் விருந்தினர் விடுதி இருந்தது. ரஷ்யாக்காரர் அங்கே தங்கியிருக்கும்போது ஜெர்மன்காரர் வர நேர்ந்தால் அவருக்கு பெங்களூரில் ஓட்டல். கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் ஒருவருக்கு பீரும் இன்னொருவருக்கு வோட்காவும் வாங்கிவருவது டிரைவரின் வேலை. வரவேற்பறையில் ஜெர்மன் கம்பெனி அனுப்பிய காலண்டர் தொங்கும். ரஷ்யாக்காரர் வருகிறார் என்றால் அது இறங்கி, பனிக்காட்டுப் படம் போட்ட காலண்டர் ஏறும். ரேடியோச் செய்தியில் அணிசேரா நாடுகள் என்று வாசிக்கும்போதெல்லாம், கக்கத்தில் காலண்டரைச் சுருட்டி வைத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறும் மேனேஜர்தான் என் கண்முன் வருவார்.

அவரைக் கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "நமக்கு ரெண்டு பேரும் வேணுங்கம்மா," என்பார். "இவங்க ஆர்டரு, அவங்க மெஷினு. ஒருத்தரு பக்கம் சாஞ்சோம்னா இன்னொருத்தரு கைய விட்டுருவாரு. அப்புறம் சாஞ்ச பக்கத்துக்காரரும் நம்மள மதிக்க மாட்டாரு. நாட்டுக்கு என்ன ரூலோ அதேதான் நமக்கும்."

அதில் நியாயம் இருந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஓசூரில் இருப்பவர்களுக்கு இந்தப் பிழைப்பு புதிதும் அல்ல. பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா ஒரு முழம் பூவை அளப்பதற்குள் தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை கேட்டுவிடுவாள். எந்தப் பக்கம் நீ என்று யாரும் அவளைக் கேட்பதில்லை.

அந்த ஜெர்மன் மெஷினுக்கு ஷெட்டின் ஓரத்தில் தனியாக ஒரு அறை கட்டியிருந்தார்கள். ஏ.சி. ரூம் என்று பெயர். உள்ளே வேலை செய்தவர் கிருஷ்ணகிரி பழையபேட்டையைச் சேர்ந்த ஒரு பாய். எல்லோருக்குமே அவர் பாய்தான். மெஷினை நிறுவ ஜெர்மன்காரர் வந்து தங்கியிருந்தபோது அவருடனேயே நின்று வேலையைப் பழகியவர். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கையைக் காட்டியும் தலையை ஆட்டியும் பேசிக்கொள்வார்கள். பிறகு அதே ஜெர்மன்காரர் சர்வீஸுக்கு வரும்போது நான் நடுவில் போனால், "நீங்க சும்மா இருங்க மேடம், எங்களுக்குள்ள புரியுது," என்று பாய் என்னைத் துரத்துவார். மூக்கண்டப்பள்ளியில் மனைவி மக்களோடு குடியிருந்தார். அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அந்த மெஷினில் நிற்பவர் என்பதால் ஷெட்டில் அவருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. ஷெட்டை மேற்பார்க்கும் அடுத்த சார்ஜ்மேன் அவர்தான் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவர் அதை வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் எதிர்பார்த்திருந்தார்.

ரஷ்யாக்காரர் வரும் நாட்களில் பாய் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அந்த அறை ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டால் தூசி போகக்கூடாது என்று நான் சொல்ல வேண்டும். எப்போதும் வரும் ரஷ்ய இன்ஸ்பெக்டர் வயதானவர், பெரிய உடம்பு, ஒரு தங்கப் பல். கியரின் பல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலே அது எந்த மாதிரி மெஷினில் தேய்த்தது என்று தெரிந்துகொள்ளக்கூடியவர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அந்த அறையைத் தாண்டும்போது நின்று, "இன்னும் தூசியா?" என்று என்னைக் கேட்பார். "இன்னும் தூசிதான்," என்பேன். தங்கப் பல் தெரியச் சிரித்துவிட்டு நடப்பார். மேனேஜரிடம் இதை மொழிபெயர்த்தால் அவரும் சிரிப்பார். மூன்று பேருக்கும் பொய் என்று தெரிந்த பொய் அது. யாருக்கும் அதில் வருத்தமில்லை.

ஒரு வருஷம், அளவு சரியில்லை என்று சில பெட்டிகளை மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டியிருந்ததால், இன்ஸ்பெக்டர் கிளம்புவது தள்ளிப்போய் ஆயுத பூஜைவரை இழுத்துவிட்டது. தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. இரண்டு நாள் முன்பே மெஷினைக் கழுவித் துடைத்து, பெயின்ட் அடித்து, வாழைக்கன்று கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு வீட்டிலிருந்து பெண்டு பிள்ளைகள் வருவார்கள். நீ எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்ற கேள்வி அன்று கிடையாது. அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனம் வைத்துத் தட்டேந்தி நிற்க வேண்டும். பாய் நிற்பார், வெல்டிங்கில் இருந்த கிறிஸ்தவப் பையன்கள் நிற்பார்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நானும் என் டைப்ரைட்டருக்குப் பொட்டு வைப்பேன். இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஆசைப்பட்டார்.

விருந்தாளியை வராதே என்று எப்படிச் சொல்வது? மேனேஜர் ஒரு வழி செய்தார். ஏ.சி. ரூமுக்கு மட்டும் விடிந்ததும் பூஜை முடித்துவிட வேண்டும். இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பூட்டிவிட வேண்டும். பாயும் தலையாட்டினார். சொன்னபடியே காலையில் முதல் பூஜை அங்கேதான் நடந்தது. மெஷினுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பூசாரி மற்ற மெஷின்களுக்குப் போய்விட்டார். பாய் சாவியை எடுத்தார். கதவருகில் வந்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் கதவைச் சாத்தவில்லை. நம் ஊரில் யாரும் சாத்தியிருக்க மாட்டார்கள். பூஜை விளக்கு எரிகிற இடத்தைப் பூட்டுவது எந்த வீட்டிலும் இல்லாத வழக்கம். அணைத்துவிட்டுப் பூட்டலாமென்றால், பூஜைக்கு ஏற்றிய விளக்கை அணைக்க யார் கை துணியும்? திரி தானாக அமரட்டும், அதுவரை வாசலில் நிற்கலாம் என்று பாய் நின்றார். எண்ணெய் நிறைய ஊற்றியிருந்தது.

நான் அப்போது கேட்டில் பூசணிக்காய் உடைப்பதை இன்ஸ்பெக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பொரி கடலைத் தட்டை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்த மனிதர், குழந்தைகளோடு குழந்தையாக ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். யாரோ என்னைக் கூப்பிட்டார்கள், திரும்பிப் பேசிவிட்டுத் தேடினால் ஆளைக் காணோம். ஏ.சி. ரூம் வாசலில் பாய் அவர் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த விருந்தாளிக்குச் சந்தனம் வைக்காமல் வேறென்ன செய்வது? இன்ஸ்பெக்டர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மெஷினைப் பார்த்தார். எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் பஜாரிலிருந்து வருஷாவருஷம் வரும் ஸ்டுடியோக்காரர், மெஷினோடு ஆபரேட்டரை நிறுத்திப் படம் எடுக்கிறவர், "சாரும் நில்லுங்க சார்" என்று அவரையும் பாய் குடும்பத்தோடு சேர்த்து நிறுத்தி க்ளிக் செய்துவிட்டார்.

வெளியே வந்த இன்ஸ்பெக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில், "தூசியைப் பார்த்துவிட்டேன். மிக நல்ல தூசி," என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் எப்போதும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோதும் பூட்டிய கதவின் முன் நின்று, "இன்னும் தூசியா?" என்றே கேட்டார்.

மேனேஜருக்கு நான் சொன்னேன். முகம் வெளுத்துப்போனது, ஆனால் பாயைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அன்று மாலையே ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்பி அந்தப் படத்தின் நெகட்டிவை வாங்கிக்கொண்டார். ஸ்டுடியோக்காரர் சில நாள் கழித்து மற்ற படங்களையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார், இது மட்டும் இல்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

நெகட்டிவைக் கொடுப்பதற்கு முன் அந்த மனிதர் ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு வைத்துக்கொண்டதை நாங்கள் எப்படி அறிவோம்? சந்தனப் பொட்டோடு வெள்ளைக்காரர் நிற்கும் படம் எந்த ஸ்டுடியோவுக்குக் கிடைக்கும்? கடை முகப்பில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். மூக்கண்டப்பள்ளி முழுக்கத் தெரியும். பாயின் வீட்டம்மா சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். தெரியாதவர்கள் மேனேஜரும் நானும்தான். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊரில் நடப்பது கடைசியில்தான் தெரிகிறது.

அடுத்த கோடையில் ஜெர்மன்காரர் சர்வீஸுக்கு வந்தார். ஒரு சாயங்காலம் சிகரெட் வாங்க பஜாருக்குப் போனவர் மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து, தன்னோடு ஒரு இடத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். அந்தக் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மொட்டையடித்த ஒரு வயதுக் குழந்தைக்கும் மணப்பெண் ஒருத்திக்கும் நடுவில் அவருடைய மெஷின் மாலை போட்டுக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் பாய், மறுபக்கம் இன்ஸ்பெக்டர். ரஷ்யாக்காரர் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோட்டில் குத்தியிருந்த சிவப்பு நட்சத்திர வில்லை படத்தில் கறுப்பாகத் தெரிந்தாலும் வடிவம் தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "நான் பார்த்துவிட்டேன். பார்க்காதது போல் எழுத எனக்குத் தெரியாது," என்றார்.

மேனேஜர் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். மேனேஜர் முதலில், தப்பு என்னுடையது, என் பெயரை எழுதுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னார் என்பதை நான் மறைக்கக்கூடாது. ஜெர்மன்காரர் தலையை அசைத்து மறுத்தார். மேனேஜர் பொறுப்பு என்றால் கம்பெனி பொறுப்பு என்று அர்த்தமாகும், கம்பெனி பொறுப்பு என்றால் ஒப்பந்தம் முறியும், அடுத்த பாகம் பழுதானால் மெஷின் இரும்புதான். ஒரு தனி ஆளின் கவனக்குறைவு, அந்த ஆளை மெஷினிலிருந்து நீக்கியாயிற்று என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் போதும், தன் ஆபீஸில் விஷயத்தை முடித்துவிடுவார்கள் என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாயை அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் வெளியே போனதும் எனக்கு அடக்க முடியவில்லை. "ரெண்டு பக்கமும் சாயாம நிக்கறது நீங்க. கீழ விழறது மட்டும் பாயா?" என்று கேட்டேன்.

"வேற வழி இருந்தாச் சொல்லுங்கம்மா," என்றார் மேனேஜர். "இந்த மெஷின் நின்னா ரஷ்யா ஆர்டரு நிக்கும். ஷெட்டுல எத்தன குடும்பம் இருக்குது?"

என்னிடம் வேறு வழி இல்லை. அந்த வாசகத்தை ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்தேன். எழுத்து ஒவ்வொன்றையும் டைப்ரைட்டர் உடைந்துவிடும் போல அடித்தேன், அதனால் ஒன்றும் மாறிவிடவில்லை.

பாயைக் கூப்பிட்டு மேனேஜரே சொன்னார். ஏட்டில்தான் நீக்கம், ஜெர்மன்காரர் கிளம்பியதும் மெஷினில் நீயேதான் நிற்பாய், சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்றார். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எரியற வெளக்க வெச்சிக்கினு கதவ சாத்துவாங்களா சார்?" என்று கேட்டார். "நீங்க சாத்துவீங்களா?"

"சாத்த மாட்டேன் பாய். நானும் சாத்த மாட்டேன்," என்றார் மேனேஜர்.

"அப்புறம் கவனக்குறைவுன்னு எழுதறீங்களே."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. எல்லோர் வார்த்தையையும் எல்லோருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற எனக்கு அன்று சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. ரஷ்யாக்காரர் வந்தால் பாய் ஏ.சி. ரூமுக்குள் பூட்டிக்கொண்டு இருப்பார். ஜெர்மன்காரர் வந்தால் அறையை விட்டு வெளியேறி, ஷெட்டின் கோடியில் உள்ள பேக்கிங் செக்ஷனில் போய் மரப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பார். அவர் இடத்தில் வேறொருவர் நின்று, மெஷினை நன்றாக வைத்திருக்கிறாய் என்று ஜெர்மன்காரர் பாராட்டுவதை வாங்கிக்கொள்வார். பழைய ஆள் எங்கே என்று ஜெர்மன்காரர் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டு உறுதி செய்துகொள்ள அவருக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

ஷெட்டில் இதை முதலில் வேடிக்கையாகத்தான் பேசினார்கள். "பாய், இன்னிக்கு எந்த நாடு?" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் "இன்னிக்கு நான் ரஷ்யா பக்கம்பா" என்று சுத்தியலை எடுத்துக்கொண்டு போவார். சார்ஜ்மேன் பதவி வந்தபோதுதான் வேடிக்கை போயிற்று. பெயரை அனுப்பினார்கள், தலைமை ஆபீஸில் ஃபைலை எடுத்துப் பார்த்து, கவனக்குறைவுக்காக மெஷினிலிருந்து நீக்கப்பட்டவர் என்று இருக்கிறதே என்று திருப்பிவிட்டார்கள். அந்த வரியை அடித்துவிடலாமே என்று நான் மேனேஜரிடம் போய் நின்றேன். ஜெர்மனியில் இருக்கும் நகலும் இங்கே இருக்கும் நகலும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும், நாளைக்கு ஆடிட்டுக்கு யாராவது வந்தால் என்ன சொல்வது என்றார். பதவி பாய்க்குப் பின்னால் வந்த ஒருவருக்குப் போனது. அன்று மதியம் கேன்டீனில் பாய் எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்காரவில்லை. எனக்கு அன்றைக்கு மேனேஜர் மேல் வந்த கோபம் வெகுநாள் தணியவில்லை. அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்த்தால் மேஜை மேல் எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

பிறகு உலகமே புரண்டுபோனது. சுவரை இடித்து இரண்டு ஜெர்மனியும் ஒன்றானது என்று டி.வி.யில் காட்டினார்கள். சோவியத் யூனியன் துண்டு துண்டானது. நாங்கள் அனுப்பிய டெலக்ஸுக்குப் பதில் வருவது முதலில் தாமதமானது, பிறகு நின்றது. தங்கப் பல்காரர் கடைசியாக வந்தது எந்தத் தடவை என்று அப்போது தெரியாததால் யாரும் அவருக்கு ஒழுங்காக விடைகூட கொடுக்கவில்லை. முத்திரை குத்திய பெட்டிகள் பேக்கிங் செக்ஷனில் கூரைவரை நின்றன. அவற்றின் மேல் எழுதியிருந்த நாடு அப்போது இல்லை. என் மேஜைக்கு வேலை இல்லாமல் போனதால் என்னைக் கொள்முதல் பிரிவில் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மன்காரர் மறுபடி வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஏ.சி. ரூம் வாசலில் பழக்கதோஷத்தில் பூட்டைத் தொட்டுப் பார்த்தவர், "இனி இதெல்லாம் தேவையில்லை. அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்," என்றார் சாதாரணமாக. மேனேஜர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். இத்தனை வருஷம் எவ்வளவு ஓடியிருக்கிறோம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் காலண்டர் மாற்றிய கதையைச் சொன்னார், நான் அதை மொழிபெயர்த்தேன், ஜெர்மன்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவரே கேட்டார். "அந்த மனிதருக்கு வேறு எங்காவது வேலை கிடைத்ததா? நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் அனுமதி தருவாரா என்று நான் காத்திருக்கவில்லை. "இங்கேதான் இருக்கிறார். இன்றைக்கும் நீங்கள் வருகிறீர்கள் என்று ஒளிந்துகொண்டிருக்கிறார். வாருங்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தேன். இருவரும் பின்னால் வந்தார்கள்.

பாய் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஆணி அடிக்க ஒன்றும் இல்லாத நாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஜெர்மன்காரர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். எல்லாம் மாறிவிட்டது, நாங்கள் எல்லோரும் இப்போது நண்பர்கள், பழையதை மறந்துவிடலாம் என்று சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

பாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க மேடம்," என்றார். "அன்னிக்கு நான் பண்ணதுல தப்பு என்னான்னு கேளுங்க."

கேட்டேன். ஜெர்மன்காரர், "எதுவும் இல்லை," என்றார்.

"ஒண்ணும் இல்லையாம் பாய்," என்றேன்.

"அப்ப அதையும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

ஜெர்மன்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேக்கிங் ஆட்களிடம் ஒரு தாள் வாங்கினார். பெட்டி மேல் வைத்து, எந்த மொழியில் எழுதட்டும் என்று கேட்டார்.

"மின்னே எதுல எழுதினாங்களோ அதுல," என்றார் பாய்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாய் தாளை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அறையைத் திறந்து வைத்ததில் இந்த ஆபரேட்டர் மேல் எந்தத் தவறும் இல்லை, மெஷினைப் பழகியவர்களில் இவரைவிட நல்ல கை நான் பார்த்ததில்லை என்று தமிழில் சொன்னேன். சுற்றி நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் தாளை வாங்கி, மடிக்காமல் மேனேஜர் முன்னால் நீட்டினார்.

"நீங்களும் சார்."

மேனேஜர் தாளை வாங்கினார். "இத்தன வருஷத்துல ஒருதரமாவது நீ என்னைத் திட்டியிருக்கலாம் பாய்," என்றார்.

"திட்டுனா ஃபைல்ல ஏறாதுங்களே சார்," என்றார் பாய்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.